ஆபத்துக்கும் குடிமராமத்து வேண்டும்

ஏரிக்கரை உடைந்தபின் மண்வெட்டியைத் தேடுகிறவனை நல்ல குடியானவன் என்று எவரும் சொல்லமாட்டார்கள். மழை துவங்குமுன் வாய்க்காலைத் தூர் எடுப்பதும், கலங்கலைச் செப்பனிடுவதும், கரையிலுள்ள எலி வளைகளை அடைப்பதும் உழவையும் விதைப்பையும் போலவே பயிர்த்தொழிலின் பகுதிகளாம். இவ்வேலைகளை வீட்டுக்கு ஓர் ஆள் வீதம் கூடிச் செய்வதற்குக் குடிமராமத்து என்று பெயர். நடுநிசியில் கரை கசிகிறதென்று பறை முழங்கினால், மண்வெட்டியும் கடப்பாரையும் வைக்கோற் பிரியும் முளைக்கழியுமாக ஊர் திரண்டு ஓடுவதும் இவ்வழக்கத்தைச் சேர்ந்ததே. யார் எங்கே நிற்கவேண்டும், யார் மண் சுமக்கவேண்டும் என்பதை அவ்வேளையில் ஒருவரும் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததில்லை. 1858-ம் வருஷத்திய சென்னைக் கட்டாய வேலைச் சட்டமும் இவ்வழக்கத்தை ஒட்டியே எழுந்தது.

நாளடைவில் இவ்வழக்கம் பெரும்பாலான கிராமங்களில் நலிந்துவிட்டது. அதைப் பற்றி வருந்துகிறவர்கள் அநேகர். ஆனால் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் ஏற்பட்ட அந்த முறையே புயல், வெள்ளம், கடற்பெருக்கு, பூகம்பம் ஆகிய பேராபத்துக்களுக்கும் ஏற்ற முறை என்பதைச் சிந்தித்தவர்கள் சிலரே. ஆபத்து வந்த முதல் சில மணி நேரத்தில் வெளியூர் உதவி எதுவும் வந்து சேராது. அப்பொழுது காப்பவர்கள் அடுத்த வீட்டாரும் எதிர்த் தெருவாருமே. அவர்கள் முன்கூட்டியே பழகியிருந்தால் உயிர்கள் பிழைக்கின்றன. பழகாதிருந்தால் நல்ல மனம் இருந்தும் கைகள் உதவுவதில்லை.

இதற்குச் சான்று தேடித் தூர தேசம் போகவேண்டியதில்லை. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி காலை ஆறரை மணி சுமாருக்குச் சுமத்ராத் தீவை அடுத்த கடலடியில் பூகம்பம் உண்டாயிற்று. அதனால் எழுந்த சுனாமி சோழமண்டலக் கரையை வந்து அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் கரையிலுள்ள மக்கள் வழக்கம்போல் வலை உலர்த்திக்கொண்டும், மீன் விற்றுக்கொண்டும், குழந்தைகளை மணலில் விளையாட விட்டுக்கொண்டும் இருந்தனர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டனர். அவர்களில் 6,000-க்கு மேற்பட்டவர்கள் நாகப்பட்டினம் ஜில்லாவைச் சேர்ந்தவர்கள். கடல்நீர் ஏறிய வயல்களில் உப்புப் பூத்து, மழைநீரால் கழுவி வடித்தும், ஜிப்சம் இட்டும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதும் அவற்றைத் திருத்தவேண்டியதாயிற்று. நிலம் சில பருவங்களில் திருந்திற்று. இறந்தவர்கள் திரும்பவில்லை.

அதே நாளில் புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்தில் நடந்தது வேறு. அவ்வூரார் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்தார். அவர் தொலைக்காட்சியில் பூகம்பச் செய்தியைக் கண்டு தம் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை செய்தார். ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்திருந்த தகவல் நிலையமும், கடலின் நிலையையும் மீன்வளச் செய்திகளையும் தினந்தோறும் அறிவிப்பதற்கான ஒலிபெருக்கியும் இருந்தன. இளைஞர்கள் அந்நிலையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் உரக்கக் கூவினர். சுமார் 3,600 பேர் கொண்ட அவ்வூரார் கரையை விட்டு அகன்று தப்பினர்; வீடுகளும் படகுகளும் மாத்திரமே நாசமாயின. இங்கே உயிர்களைக் காத்தது ஒலிபெருக்கி மட்டுமன்று. நித்தியம் அதைக் கையாண்டு பழகிய மனிதர் இருந்ததும், அதன் குரலை ஊரார் நம்பிக் கேட்டுப் பழகியிருந்ததும் அதனுடன் சேர்ந்தன.

அதற்குப் பின்னர், 2007-ம் வருஷம் ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. கடலடியில் பூமி அதிர்ந்த சில நிமிஷங்களில் அங்கிருந்து ஜில்லா அதிகாரிகளுக்குச் செய்தி வருகிறது. புயலின் போக்கும் பல நாட்களுக்கு முன்பே தெரிகிறது. இவை பெரிய நன்மைகள். ஆயினும் கலெக்டர் கச்சேரி வரையில் வந்த செய்தி, கடைக்கோடிக் குடிசையில் காது மந்தமான கிழவிக்கு எட்டுவது எப்படி? தலைமடையில் நீர் நிறைந்து ஓடினாலும், கடைமடை வயலுக்குப் பாய நீர்ப்பாய்ச்சி ஒருவன் வேண்டும். எச்சரிக்கையின் கடைமடைக்கும் அப்படியே ஆள் வேண்டும்.

பூகம்பம் பிறந்த இடத்திற்கு அருகிலுள்ளவர்களுக்கோ கருவிகள் எவ்வளவு விரைந்தாலும் போதாது. சுமத்ராவுக்கு மேற்கேயுள்ள சிமெலுவே தீவுக்கு 2004-ல் அலை வந்தது பத்து நிமிஷ அளவில். அத்தீவில் 1907-ம் வருஷத்திலும் இவ்வாறு ஒரு பேரலை வந்து பலரை அழித்திருந்தது. அன்று முதல், “நிலம் பலமாக நடுங்கிக் கடல் பின்வாங்கினால் எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு” என்ற படிப்பினையைப் பாட்டிமார் பேரன் பேத்திகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லிவந்தனர். சுமார் 78,000 மக்களில் அன்று அலையால் இறந்தவர்கள் ஏழு பேரே என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. தந்தியும் கம்பியும் இல்லாத இடத்தில் ஞாபகமே காவலாக நின்றது.

ஞாபகத்தையும் உழைப்பையும் சேர்த்து ஒரு கிராமம் என்ன செய்யலாம் என்பதற்கு ஜப்பான் தேசத்து ஹிரோ கிராமம் தக்க உதாரணம். இது இன்று வாகாயாமா மாகாணத்தில் இருக்கிறது. 1854-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒரு மாலைப்பொழுது அங்கே பூகம்பமும் தொடர்ந்து கடற்பெருக்கும் உண்டாயின. இருட்டில் வழி தெரியாது மக்கள் தத்தளித்தபோது, ஹமாகுச்சி கோர்யோ என்ற பெரியவர் வயல்களில் இருந்த நெற்றாள் போர்களுக்குத் தீ வைக்கச் செய்தார். அவ்வெளிச்சத்தைக் கண்டு பலர் மேட்டிலிருந்த கோயிலை அடைந்து பிழைத்தனர். நெற்போரின் அருமை அறிந்த குடியானவர்களுக்கு அச்செயலின் பெருமையை விளக்கவேண்டியதில்லை.

எனினும் அவர் அடுத்துச் செய்த காரியம் இதனினும் பெரிது. வீடும் தொழிலும் இழந்து ஊரை விட்டுப் போக இருந்தவர்களுக்குக் கூலி கொடுத்து, தம் சொத்தைச் செலவிட்டு, கடலை நோக்கி ஒரு மண்கரையை எழுப்பினார். சுமார் 16 அடி உயரமும் 2,000 அடி நீளமும் உள்ள அக்கரை 1858-ல் முடிவுற்றது. கடல் பக்கம் தேவதாரு வகை மரங்கள் நடப்பட்டன. 1946-ம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி மறுபடி கடல் பொங்கியபோது ஊரின் பெரும்பகுதியை அக்கரை காத்தது. இடைப்பட்ட எண்பத்தெட்டு வருஷங்களில் அதைக் கரைந்துபோக விடாமல் பேணியவர்கள் ஊராரே. 1903-ம் வருஷத்திலிருந்து அவ்வூரில் சுனாமி விழா என ஒன்று நடந்துவருகிறது. பள்ளிக் குழந்தைகள் முதற்கொண்டு யாவரும் கைப்பிடி மண் கொணர்ந்து கரையில் இடுகின்றனர். குடிமராமத்தை அறிந்தவர்களுக்கு இதன் கருத்து உடனே விளங்கும். ஹிரோ கிராமத்துச் சம்பவத்தைக் கருதியே, ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் நவம்பர் 5-ந் தேதியை உலக சுனாமி விழிப்புணர்வு நாளாகக் குறித்தது.

அந்தத் தேசத்திலேயே 1995-ம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி விடியற்காலையில் கோபே நகரப் பிரதேசத்தில் பெரும் பூகம்பம் நேர்ந்து 6,400 பேருக்கு மேல் இறந்தனர். இடிபாடுகளில் சிக்கி மீட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை வெளியே எடுத்தவர்கள் சொந்தக் குடும்பத்தாரும் அண்டை அயலாருமே. பூகம்பம் உதித்த இடத்திற்கு மிக அருகே, அவாஜித் தீவில், ஹொக்குடான் என்ற சிற்றூர் இருந்தது. அங்கு 39 பேர் இறந்தனர். ஆனால் சுமார் 300 பேர் இடிபாடுகளிலிருந்து உயிருடன் எடுக்கப்பட்டனர். அன்று பிற்பகலுக்குள் காணாமற்போனவர் ஒருவரும் இல்லை என்று கணக்கு முடிந்துவிட்டது. இவ்வேலையைச் செய்தவர்கள் அவ்வூர்த் தீயணைப்புத் தொண்டர்களும் அக்கம்பக்கத்தாரும். எந்த வீட்டில் எந்த அறையில் எந்த முதியவர் படுத்துறங்குவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகையால் எங்கே தோண்டுவது என்று தேடிக் காலம் கழிக்கவில்லை. நகரத்திலிருந்து வரும் எந்தப் படைக்கும் இந்த அறிவு கிடையாது. தமிழ்நாட்டில் பெரும் பூகம்பம் அருமையே. ஆனால் அடைமழையில் மண்சுவர் இடிந்து உறங்குகிறவர்கள் மேல் விழுவது அருமையன்று. அங்கும் இதே அறிவே வேண்டியது.

பழக்கத்தை ஒழுங்கான அமைப்பாக்கியவர்கள் வங்காள தேசத்தார். 1970-ம் வருஷம் நவம்பரில் அங்கு வீசிய புயலிலும் கடற்பெருக்கிலும் மாண்டவர்கள் மூன்று லட்சத்துக்குக் குறையாது. அதன் பின்னர் சர்க்காரும் செஞ்சிலுவைச் சங்கமும் கூடிப் புயல் தொண்டர் படையை ஏற்படுத்தின. இப்பொழுது 76,000-க்கு மேற்பட்ட தொண்டர்கள் அதில் உள்ளனர். ஒரு குழுவில் இருபது பேர். அவர்கள் எச்சரிக்கை, புகலிடம், மீட்பு, முதலுதவி, நிவாரணம் என ஐந்து பிரிவாக வேலை செய்கின்றனர். ஆபத்தின் அளவுக்கேற்ப ஒன்று, இரண்டு, மூன்று எனக் கொடிகள் ஏற்றப்படுகின்றன. கையால் சுழற்றும் சங்கும் கூம்பு ஒலிபெருக்கியும் கொண்டு வீடு வீடாகச் செய்தி போகிறது. 1991-ம் வருஷப் புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தபோது, பெண்கள் இறந்தது ஆண்களைக் காட்டிலும் மிக அதிகம் என்று காணப்பட்டது. இந்நாளில் குழுவுக்குப் பாதிப்பேர் பெண்களாக இருக்கின்றனர். 2007-ம் வருஷத்துப் பெரும் புயலில் சர்க்கார் கணக்குப்படி இறந்தவர்கள் சுமார் 3,400. இந்த மாறுதலுக்குப் புகலிடக் கட்டிடங்களும் கடற்கரை அணைகளும் காரணமாயினும், மக்களைக் காலத்தில் அவ்விடங்களுக்குக் கொண்டு சேர்த்தவர்கள் தொண்டர்களே.

இந்தியாவிலும் முயற்சி இல்லாமலில்லை. 2016-ல் ‘ஆப்த மித்ரா’ என்ற தொண்டர் பயிற்சித் திட்டம் துவங்கியது. பின்னர் 350 ஜில்லாக்களில் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி அளிக்கும்படி அது விரிவாக்கப்பட்டது. ஒரிஸ்ஸாக் கரையில் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு கிராமங்கள் 2020-ல் சுனாமிக்கு ஆயத்தமான ஊர்கள் என யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்றன. ஆனால் கணக்கைப் பார்க்கவேண்டும். ஒரு லட்சம் என்பது ஜில்லாவுக்கு முந்நூறு பேருக்கும் குறைவே. இந்தியாவிலோ ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமங்கள் உள்ளன. பயிற்சி பெற்றவர்கள் விதைநெல்லாக உதவலாம்; விதையைக் கொண்டு நாற்று வளர்ப்பதும் நடுவதும் ஊராரின் வேலை. சர்க்கார் பட்டியலில் பெயர் ஏறும் வரையில் எந்தக் கிராமமும் காத்திருக்க வேண்டுவதில்லை.

ஆகையால் ஒவ்வொரு கிராமத்திலும், விசேஷமாகக் கடலோரத்திலும் ஆற்றங்கரையிலும் உள்ள கிராமங்களில், இருபது முப்பது பேர் கொண்ட ஒரு தொண்டர் படை அமையவேண்டும். தெருவுக்கு இருவர் என்பது நல்ல விகிதம்; அவர்களில் ஒருவர் பெண்ணாயிருத்தல் அவசியம். பகலில் வெளியூர் வேலைக்குப் போகிறவர்களை மட்டும் நம்பினால், பகலில் வரும் ஆபத்துக்கு ஆள் இராது. படையின் முதல் வேலை ஒரு கணக்கு எழுதுவது. தனித்திருக்கும் முதியவர், படுக்கையிலுள்ள நோயாளி, நிறைமாதக் கர்ப்பிணி, கைக்குழந்தையுள்ள தாய், கண்ணும் காதும் மங்கியவர் ஆகியோர் எந்த வீட்டில் இருக்கின்றனர், அவர்களை யார் அழைத்துப் போவது என்று அதில் குறித்தல் வேண்டும். வருஷத்திற்கொரு முறை அதைத் திருத்தவேண்டும். இதற்குக் காகிதமும் பென்சிலுமே செலவு.

கருவிகளும் பெரும்பாலும் ஊரில் உள்ளவையே. கடப்பாரை, மண்வெட்டி, கோடரி, ரம்பம், நீளமான கயிறு, ஏணி, காற்றடைத்த லாரி டியூப், காலிச் சாக்குகள், டார்ச் விளக்கு, முதலுதவிப் பெட்டி, தூக்கிச் செல்லக் கயிற்றுக் கட்டில் ஆகியவை எவரெவர் வீட்டில் உள்ளன என்ற ஜாபிதாவும், அவற்றைக் கேளாமலே எடுக்கலாம் என்ற உடன்பாடும் இருந்தால் போதும். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரை கடந்தபோது லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. முன்னதாகவே 80,000-க்கு மேற்பட்டவர்கள் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டதால் பல உயிர்கள் தப்பின. மறுநாளோ சாலைகளில் விழுந்த மரங்களை அறுத்து வழி திறப்பதே முதல் வேலையாயிற்று. ரம்பமும் அறுக்கத் தெரிந்த ஆளும் உள்ள ஊருக்கு வழி முந்தித் திறக்கும். மற்ற ஊர் காத்திருக்கும்.

குடியானவர்களுக்கே உரிய சில காரியங்கள் உண்டு. மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று பலர் வீட்டிலேயே தங்கி உயிரிழக்கின்றனர். அவர்களைக் கடிந்து பயனில்லை. மாடுகளுக்கும் ஒரு மேட்டிடம் முன்பே குறிக்கப்பட வேண்டும். அவ்வளவு நேரமில்லையெனில், கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்தாவது விட்டுவிட வேண்டும். கட்டுண்ட மாடு நின்ற இடத்தில் மூழ்கும்; அவிழ்த்த மாடு நீந்தி மேடு தேடும். விதைநெல், நிலப் பத்திரம், சேமிப்புப் புத்தகம் ஆகியவற்றை நீர் புகாத பையில் கட்டிப் பரணில் வைப்பது மழைக்கு முந்திய வழக்கமாகவேண்டும். மதகுகளையும் வடிகால்களையும் எப்பொழுது யார் திறப்பது என்பதை மேலூராரும் கீழூராரும் வெயில் நாளிலேயே பேசி முடித்துக்கொள்ளுதல் நலம். வெள்ளத்தில் பேசினால் சண்டையே மிஞ்சும். கடலோரத்தில் சவுக்கு, பனை, புன்னை வளர்ப்பதும் தொண்டே. நாகப்பட்டினம் ஜில்லா நாலுவேதபதிக் கிராமத்தார் 2002-ல் 80,000-க்கு மேற்பட்ட மரக்கன்றுகளை நட்டனர். இரண்டே வருஷத்தில் வந்த பேரலையின் வேகத்தை அம்மரங்கள் தணித்தன.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களில் மூன்று கவனிக்கத்தக்கவை. சர்க்கார் இருக்கையில் ஊராருக்கு ஏன் இந்தப் பாரம் என்பது முதலாவது. சர்க்காரின் கடமை குறையவில்லை. செய்தி தருவதும், புகலிடம் கட்டுவதும், தொண்டர்களுக்குப் பயிற்சியும் கருவியும் இன்ஷ்யூரன்ஸும் அளிப்பதும் அதன் பொறுப்பே. அவற்றைக் கேட்டுப் பெறவும் ஒழுங்குபட்ட படை உள்ள ஊருக்கே வாய் உண்டு. 1077 என்ற ஜில்லா அபாய அறிவிப்பு எண்ணுக்குச் செய்தி சொல்வதற்கும், நிலைமையைப் பார்த்துச் சரியாகச் சொல்லும் ஒருவர் வேண்டுமல்லவா?

எச்சரிக்கை பொய்த்தால் ஜனங்கள் சலிப்பர் என்பது இரண்டாவது. 2012-ம் வருஷம் ஏப்ரல் 11-ந் தேதி சுமத்ரா அருகே பெரிய பூகம்பம் நேர்ந்து, கரையோர மக்கள் வீடு விட்டு அகன்றனர், பேரலை வரவில்லை. ஆனால் பரண்மேல் காவலிருப்பவன், பன்றி வராத இரவை வீணான இரவு என்று நினைப்பதில்லை. பயிர் விளைந்து வீடு சேரும் வரையில் எல்லா இரவும் காவலே. அலை வராத நாளில் மேடேறியவர்கள் ஒரு நல்ல ஒத்திகை செய்தவர்களாவர்.

மூன்றாவதே கடினமானது. ஊரில் கட்சிப் பிணக்கும் ஜாதிப் பிணக்கும் உள்ளவரை ஒரே படை எப்படி அமையும் என்று கேட்கின்றனர். பழைய கட்டாய வேலைச் சட்டத்தின் பாரம் உழைக்கும் வகுப்பார் தலைமேலேயே விழுந்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. புதிய குடிமராமத்தில் அந்தக் குறை புகலாகாது. தாழ்ந்த நிலத்திலும் ஆற்றுப் புறம்போக்கிலும் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள்; வெள்ளம் முதலில் நுழைவது அவர்கள் வீட்டில். ஆகவே எச்சரிக்கை முதலில் சேரவேண்டியதும் அங்கேயே. அத்தெருவார் பட்டியலில் இல்லாத படையைக் கிராமத்துப் படை என்று அழைக்க இயலாது. அவர்களுக்குப் புகலிடத்தில் சம இடமும் தண்ணீர்க் குடத்தில் சம உரிமையும் இல்லையெனில், அவர்கள் அழைத்தாலும் வரமாட்டார்கள். வராததற்கு அவர்களைக் குறை கூறவும் ஒருவருக்கும் நியாயமில்லை.

கடைசியாக ஒத்திகை. எழுதிவைத்த ஏற்பாடு களஞ்சியத்தில் கிடக்கும் விதை போன்றது. காலத்தில் முளைக்கவிடாவிட்டால் கெட்டுப்போகும். ஆடியில் ஒரு பகலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் ஓர் இரவும் போதும். கோயில் மணியோ, மாதாகோயில் மணியோ, பள்ளிவாசல் ஒலிபெருக்கியோ, பறையோ, ஊர் ஒப்பிய ஏதேனும் ஒரு ஓசை எழவேண்டும். அவரவர் பொறுப்பேற்ற வீட்டாரை அழைத்துக்கொண்டு மேட்டிடம் சேரவேண்டும். எவ்வளவு நேரமாயிற்று, யார் விடுபட்டனர் என்று பார்த்துக் குறிக்கவேண்டும். முதல் முறை குழப்பமும் சிரிப்புமாகவே முடியும். அதில் வெட்கமில்லை, ஏர் பிடிக்கப் பழகும் பையனின் முதல் சாலும் கோணலாகத்தான் இருக்கும்.

ஆபத்து வராத வருஷங்களே ஒரு கிராமத்தைச் சோதிக்கும் வருஷங்கள். 2004-ஐக் கண்ணாரக் கண்டவர்களுக்கு வயதாகிறது. அதன் பின் பிறந்தவர்கள் இன்று வாலிபர்கள். கடல் பின்வாங்கினால் வேடிக்கை பார்க்க இறங்கலாகாது என்று அவர்களுக்குச் சொல்லவேண்டியவர்கள் இன்னும் ஊரில் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே சொல்லவும், கேட்டவர்கள் ஒரு படையாகக் கூடவும் வேண்டும். கரையில் கைப்பிடி மண் இடும் ஹிரோ கிராமத்துக் குழந்தைகள் செய்வது அதுதான். வரும் மழைக்கு முன் வாய்க்காலில் இறங்கும் ஒவ்வொரு கிராமமும், அதே வாரத்தில் இந்த வேலைக்கும் ஒரு நாள் ஒதுக்குமாயின், அடுத்த பறை முழங்கும் இரவில் மண்வெட்டியைத் தேடவேண்டிய அவசியம் இராது.